அர்த்தம் சொல்லாதே

"கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். அதுல என்ன போட்டிருக்குன்னு வாசி" என்றார் அவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை அது. அளவு எடுக்கும் அறையில், மூடியின் ஒரு பக்கம் டேப் ஒட்டிய பழைய மடிக்கணினி ஒன்று திறந்து கிடந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் மூன்று நான்கு வரிகள் வந்து நின்றிருந்தன. அவருடைய சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே திரைப் பக்கம் குனிந்தேன்.

ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். பிறகு, உதவியாக இருக்கட்டுமே என்று, "இந்தச் சிப்புல ஒரு வசதி இல்லையாம் மாமா. அதனால தொடங்க முடியாதாம். பொருத்தமா வேற ஒண்ணப் போடச் சொல்லுது" என்றேன்.

"மொதல்ல, இங்க மாமா கீமா எல்லாம் கிடையாது. சார்னு கூப்பிடு. ரெண்டாவது, அர்த்தம் உன்ன யாரு கேட்டா?"

திரையை விரலால் தட்டினார்.

"வசதி இல்லன்னா சொல்லுது? இருக்கு. எத்தனை வருஷமா பாக்கறேன். உள்ள வச்சுக்கிட்டே வெளிய சொல்லாத ரகம் இது. உன்ன மாதிரி."

அணைத்து மறுபடி போட்டார். ஒரு பட்டியல் வந்ததும் ஏதோ ஒரு விசையைத் தட்டி, நீளமான ஒரு வரியின் கடைசிக்குப் போய், எட்டு எழுத்துகளை ஒரே மூச்சில் அடித்தார். பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாமல் மறைப்பதுபோல் இடது கையைக் குவித்து மறைத்துக்கொண்டார். வரிகள் மளமளவென்று ஓடின. கணினி எழுந்துவிட்டது.

"பாத்தியா? வாசிக்கச் சொன்னா வாசி. அர்த்தம் சொல்லாதே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"ஒரு வாய்க்கு எதுக்கு ரெண்டு பாஷை? போ, ரெட்ட நாக்கு."

மதிய இடைவேளைக்குள் அந்தப் பெயர் கீழ்த்தளத்தில் தையல் பிரிவுவரை போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றும் அங்கே என்னை அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர் என் அத்தையின் கணவர். அப்பாவுக்கு மூத்த அக்கா அத்தை. அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அவருக்கு யாரையுமே பிடிக்காது. எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காரும் முன்பே ஏதாவது குறை கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை அப்பாவிடம், "உம் பொண்ணு வாயத் தொறந்தா முத்து உதிரும்னு பாத்தேன். தொறந்தாத்தானே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தண்ணீர்ச் செம்பை அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்த இடம் ஒரு செருப்புப் பட்டறை. கடைச் செருப்பு சேராதவர்களுக்குச் செய்து தரும் இடம். ஒரு கால் குட்டை, குதிகால் சாய்வு, விரல் போனது, பாதம் உணர்வற்றுப்போனது என்று பலவிதம். கீழே வெட்டும் தையலும். மேலே அளவு அறையும் அலுவலகமும். அளவு அறையில் தரையோடு தரையாக ஒரு தகடு இருக்கும். அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு பாதத்தின் கோட்டுருவமும், எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்பதும் கணினியில் பதிவாகும். அந்தத் தகட்டின் அகலமான பழைய காலத்து இணைப்பு அந்த ஒரு மடிக்கணினியில்தான் பொருந்தும். அது எழுந்திருக்காவிட்டால் அன்றைக்கு அளவு இல்லை. அளவு இல்லாவிட்டால் கீழே கத்தரிக்கு வேலை இல்லை.

அவர் பத்தொன்பது வயதில் தோல் வெட்டுபவராகச் சேர்ந்தவர். அழுத்தும் இயந்திரத்தில் இடது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. பிறகு பொருள் அறையில் உட்கார வைத்தார்கள். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினிகள் வந்து இறங்கியபோது, தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்று அவரைத்தான் கூப்பிட்டார்கள். மூன்று மேசைக்கணினி, ஒரு மடிக்கணினி. புது மென்பொருள் எதுவும் அவற்றில் ஏறவில்லை. வெளிநாட்டிலிருந்து சேவை செய்ய வந்த ஓர் இளைஞர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓடவைத்தார். இரண்டு வாரம் இருந்தார். போகும்போது, எது நின்றால் என்ன செய்வது என்று இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். பக்கத்தில் நின்றவர் இவர்.

அந்த இரண்டு பக்கத்தை அவரால் வாசிக்க முடியாது. தமிழில் செய்தித்தாளை வரி விடாமல் படித்துத் திட்டித் தீர்ப்பார். ஆங்கிலத்தில் எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், சேர்ந்தால் தெரியாது. இது பட்டறையில் யாருக்கும் தெரியாது. முதல் நாளே எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் நல்ல வார்த்தை என்று ஒன்று இருக்க வழியே இல்லை.

வாசிக்காமலே எப்படி ஓட்டினார் என்றால், வடிவத்தை வைத்து. திரையில் எந்த இடத்தில் ஓட்டம் நிற்கிறது, கடைசி வரி நீளமா குட்டையா, முனையில் என்ன குறி இருக்கிறது என்பதைப் பார்ப்பார். கீழ்த்தளத்தில் யாரோ ஒருவரிடம் அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது: "மூலையில ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணச் சிமிட்டிக்கிட்டு நின்னா அதுக்குத் தலையே இல்லன்னு அர்த்தம். பக்கம் பூரா ஓடிட்டுக் கடைசில நின்னா வயித்துல கோளாறு. ஒண்ணுமே வராமக் கறுப்பா இருந்தா கண்ணுல கோளாறு, உசுரு இருக்கு." ஆச்சரியம் என்னவென்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பீப் சத்தம் மூன்று முறை வந்தால் மூடியைக் கழற்றி, மெமரிப் பட்டையை உருவி, பென்சில் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து, மறுபடி செருகுவார். எழுந்துவிடும். கோப்புகளைச் சேமிக்கும் வட்டு சுழலும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டு, "இன்னும் ஆறு மாசம்" என்பார். ஐந்தரை மாதத்தில் அது போய்விடும்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். ஒருநாள் மேசையில் விரித்தபடி வைத்துவிட்டு விளக்கு சுவிட்சைப் போடப் போனார். அரை நிமிடம் பார்த்தேன். எழுத்தே இல்லை. கட்டம் கட்டமாகத் திரைகள். உள்ளே வரிகளுக்குப் பதில் கோடுகள், நீளம் குட்டை மாறாமல். நிற்கும் இடத்தில் புள்ளி. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அடிக்க வேண்டிய ஆங்கிலக் கட்டளை, தோலில் வெட்டுக்கோடு போடுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாக வரையப்பட்டிருந்தது. எழுதப்பட்டிருந்தது என்று சொல்லமாட்டேன்.

"என்ன மொறைக்கிற? உன் ஜாதகமா அதுல இருக்கு?" என்று பிடுங்கிக்கொண்டார்.

தையல் பிரிவுப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் எஃப் ஒன். மடிக்கணினிக்குள் தேதி நேரத்தைக் காப்பாற்றும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. தினமும் காலையில் அது தான் பிறந்த வருடத்துக்குத் திரும்பிப் போய்விடும். தேதி போடவில்லை, எஃப் ஒன்றை அமுக்கு என்று கேட்டு நிற்கும். இவர் எஃப் ஒன்றை அமுக்கமாட்டார். வேறொரு விசையால் உள்ளே போய், அம்புக்குறியைக் கீழே மூன்று, வலது பக்கம் ஒன்று என்று எண்ணித் தட்டி, தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு வெளியே வருவார். பிறகு அந்த எட்டு எழுத்து. அது லினக்ஸிடம், வசதி இல்லையென்று சிப் சொல்வதை நம்பாதே, மேலே போ என்று சொல்லும் சொல். இந்த இரண்டு சடங்கும் முடிந்தால்தான் பட்டறைக்கு விடியும்.

"எஃப் ஒன் வந்தாச்சா?" என்று கீழே கேட்பார்கள்.

"வந்தாச்சு. மெஷினுக்குத்தான் பேட்டரி செத்துப்போச்சு. இவரு வாய்க்கு எப்ப சாகுமோ தெரியல" என்பார் வார் தைக்கும் அக்கா.

பேட்டரியை ஏன் மாற்றவில்லை என்று மேனேஜர் கேட்டபோதெல்லாம், "அந்த மாடலுக்குக் கிடைக்காது சார். உலகத்துலயே கிடைக்காது" என்பார். நான் பின்னால் விசாரித்துப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்காரர் ஒரு டப்பாவில் கைவிட்டு மூன்றை எடுத்துக் காட்டினார். எட்டு எழுத்தும் அப்படித்தான். ஒருமுறை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும், தினமும் அடிக்கத் தேவையில்லை. அது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் செய்யவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தன்னைத் தவிர யாராலும் எழுப்ப முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. அதை அவர் விடவில்லை.

தினமும் காலையில் கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. தினமும் நான் வாசித்தேன். கேட்டதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. ஒரே ஒருமுறை என்னை மீறி வந்துவிட்டது. கடைசி மேசைக்கணினி பக்கம் முழுக்க எழுத்தைக் கொட்டிவிட்டு நின்றது. அதில் பேனிக், கில் என்ற சொற்கள் இருந்தன. "என்ன கில்லு?" என்றார். "யாரையோ கொல்ல முயற்சி நடந்துச்சாம் சார்" என்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, "மேனேஜரையா?" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உடனே அவருக்கு முகம் மாறிவிட்டது. என் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்த மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். அன்று மாலையே, அலுவலகத்துக்காக நான் எழுதும் கடிதங்களில் பிழை இருக்கிறது என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தார். பிழை எந்த வரியில் என்று கேட்டபோது, "எல்லா வரியிலயும்" என்றாராம்.

ஒரு வருடம் போனது. ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுபவர் அவர். அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை. "கம்ப்யூட்டரை எப்படி எழுப்பணும்ங்கறத வரிசையா ஒரு பேப்பர்ல எழுதிடும்மா. ரெண்டு மொழியிலயும். ஒருத்தரையே நம்பி ஒரு எடம் இருக்கக் கூடாது பாரு" என்றார். தாள் வந்துவிட்டால் மாமா எதற்கு என்று நான் கேட்கவில்லை. மேனேஜரும் சொல்லவில்லை. ஓய்வுக்கு நான்கு வருடம் இருந்தது மாமாவுக்கு. வேறு வேலை தெரியாது. வேறு யாரும் கொடுக்கவும் மாட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் அவர் காதுக்குப் போய்விட்டது. என் மேசைக்கு வந்து குனிந்து நின்றார்.

"எழுது, எழுது. உனக்குத்தான் கையெழுத்து அழகாச்சே. என் கழுத்துக்குக் கயிறு திரிக்கறதுன்னா அழகாத்தான் திரிக்கணும்."

"எழுதச் சொன்னாங்க சார்."

"நான் கூடத்தான் நெறைய சொன்னேன். எதைக் கேட்ட?"

அதற்குப் பிறகு அடிக்கும்போது திரைக்கும் எனக்கும் நடுவில் முதுகைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். ஆனால் விசைப்பலகைக்குச் சத்தம் உண்டு. கை போகும் திசை உண்டு. எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பாதப் படம் தொங்கியது, அதில் பிரதிபலிப்பும் உண்டு. மூன்று வாரத்தில் எட்டு எழுத்தையும் சேர்த்துவிட்டேன். தாளில் பாதி எழுதி முடித்திருந்தேன். தேதி போடும் பகுதி மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

அத்தைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த அன்று அவர் விடுப்பு எடுத்தார். நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே நுழைந்தபோது மேனேஜர் மடிக்கணினி முன் நின்றிருந்தார். "எஃப் ஒன்னுதானே? இதுக்கு ஒரு ஆளா? நானே அமுக்கிட்டேன்" என்றார் சிரித்தபடி. தேதியைச் சரிசெய்யாமல் அமுக்கிவிட்டார். எட்டு எழுத்தை நான் அடித்தேன். வரிகள் ஓடின. பாதியில் நின்றன.

வெளியே பெஞ்சில் ஏழு பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மேனேஜர், "அவருக்கே போன் போடு" என்றார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இரைச்சலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "என்ன ரெட்ட நாக்கு, எல்லாம் கத்துக்கிட்டியாமே. அப்புறம் எதுக்கு நானு?"

"நின்னுடுச்சு சார்."

"வாசி."

வாசித்தேன். இந்த வட்டைக் கடைசியாகப் பயன்படுத்திய நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று சொன்னது அது. கடிகாரம் தன் பிறந்த வருடத்தில் நிற்கிறது. வட்டில் நேற்றைய தேதி இருக்கிறது. எனவே நேற்று என்பது அதற்கு இன்னும் வராத காலம். கீழே, ஃபிக்ஸ் என்று கேள்விக்குறியும், பக்கத்தில் சம்மதம் சொல்ல ஒய் எழுத்தும்.

"ஃபிக்ஸ்தானே? ஒய் போடு."

போட்டேன். இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அது வட்டு முழுவதையும் சோதிக்கத் தொடங்கியது. அந்த வட்டு ஏற்கெனவே நைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் புது வரி வந்தது.

"சார், இல்லீகல் பிளாக்ஸ்னு போட்டிருக்கு. கீழ கிளியர்னு போட்டுக் கேள்விக்குறி. பக்கத்துல ஒய்."

"கிளியரான்னு கேக்குதா?"

"ஆமா சார். ஆனா இங்க இதுக்கு..."

"அர்த்தம் கேட்டேனா நானு?"

நம் பேச்சில் கிளியர் என்பது நல்ல சொல். ரோடு கிளியர், சளி கிளியர், அவன் எல்லாப் பேப்பரும் கிளியர். சிக்கல் தீர்ந்தது, வழி திறந்தது என்று அர்த்தம். அந்தத் திரையில் அதற்கு அழித்துவிடட்டுமா என்று அர்த்தம். நேரில் நின்றிருந்தால் புது வடிவம் என்று சந்தேகப்பட்டு, கையை எடுத்திருப்பார். அன்று அவரிடம் வடிவம் இல்லை. என் வாயில் வந்த சொல் மட்டும் இருந்தது.

"கிளியர்தான். போன வாரம்தான் எல்லாத்தையும் பாத்து வச்சேன். ஒய் போடு. இனிமே என்ன வந்தாலும் ஒய் போட்டுக்கிட்டே போ. சும்மா தொணதொணன்னு என்னக் கூப்பிடாத, இங்க டாக்டர் வராரு."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அரை நொடி போதும். பக்கத்தில் மேனேஜர் இருந்தார், அவரிடமாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். போடச் சொன்னார், போட்டேன். விரலை எடுக்காமல் அமுக்கியபடியே வைத்திருந்தேன். திரை வழிந்து ஓடியது. உள்ளுக்குள் எனக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

கணினி எழுந்தது. அளவுக் கோப்புகள் இருந்த கோப்புறையைக் காணவில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பு, ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர். உறை அழிந்து, உள்ளே இருந்தவை மட்டும் தொலைந்தவை-கிடைத்தவை என்ற ஓர் இடத்தில் கொட்டிக் கிடந்தன. பாதங்கள் அப்படியே இருந்தன. பெயர்கள் போய்விட்டன. பெயர் இருந்த இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு இலக்கத்தில் ஓர் எண். நகல் இல்லையா என்று கேட்பீர்கள். நகல் எடுப்பதும் அவர் வேலைதான். யாரையும் தொட விடாத வேலைகளில் அதுவும் ஒன்று.

மறுநாள் வந்தார். பார்த்தார். "எஃப் ஒன் அமுக்குனது யாரு?" என்று மேல்மாடி அதிரக் கத்தினார்.

"நான்தான். அதுக்கென்ன?" என்றார் மேனேஜர். "அழிக்கட்டுமான்னு கேட்டப்ப அழின்னு சொன்னது நீங்கதானே? அவ போன்ல உங்ககிட்ட வாசிச்சத நான் கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன்."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். எங்கே தவறியது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அதை அங்கே சொல்ல வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த பதினோரு நாள் அவர் அளவு அறையில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு கோப்பாகத் திறப்பேன். திரையில் இரண்டு பாதம் வரும். அவர் பார்ப்பார்.

"வலது சுண்டுவிரல் மேல ஏறிக் கெடக்கு பாரு. மணிக்கூண்டு வாட்ச்மேன்."

"இது ரெட்டைப் பிள்ளைகள்ல மூத்தது. எளையதுக்கு குதிகால் இவ்ளோ சாயாது."

"இடுப்பக் கோணிக்கிட்டு நிப்பான், பாரமெல்லாம் ஓரத்துல விழுது. லாரி ஷெட்டு கணக்குப்பிள்ளை. சரியான கஞ்சன், ஒரு ஜோடிய ஆறு வருஷம் போடுவான்."

தொழிலையும் அடையாளத்தையும் வைத்து நான் பழைய ரசீதுப் புத்தகத்தில் தேடிப் பெயரைக் கண்டுபிடித்து எழுதுவேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரை அவர் பாதத்தை மட்டும் பார்த்தே சொன்னார். ஒன்றிரண்டுதான் தப்பு. அத்தனை நாளும் கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. என்னிடம் வேறு பேச்சில்லை. ஒவ்வொரு பாதத்துக்கும் திட்டு மட்டும் குறையவில்லை.

பத்தாம் நாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பட்டறையை நடத்தும் கமிட்டிக்கு அறிக்கை வேண்டும் என்றார். "தெரியாம நடந்ததுன்னா, ஸ்டோர்ல ஒரு ஸ்டூலப் போட்டு ரிட்டையர் ஆகிறவரைக்கும் உக்கார வச்சுக்கலாம். அந்தப் பேப்பர் விஷயத்துல கோவப்பட்டு வேணும்னே பண்ணியிருந்தா, வச்சுக்க முடியாது. போன்ல பேசினது நீ, நீயே எழுது. ஆனா தெரியாமன்னு எழுதினா, இத்தனை வருஷமா ஓட்டினவருக்கு அது எப்படித் தெரியாமப் போச்சுன்னும் எழுதணும். கேப்பாங்க."

எழுதினேன். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். வேண்டுமென்றே செய்தார் என்று எழுதினேன். அந்த வாரக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். இடுப்பு நோட்டைத் தையல் பிரிவு மேசையில் போட்டு, தோல் வெட்டும் கத்தியால் நாலாகக் கிழித்துக் குப்பையில் எறிந்துவிட்டுப் போனாராம்.

அத்தை ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி அப்பாவிடம், "என் புருஷன் சோத்துல மண்ணள்ளிப் போட்ட கை இந்த வீட்லதான் சாப்பிடுது. நீ ஊட்டி விடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அப்பா என்னிடம் ஒரே ஒரு முறை, உண்மையா என்று கேட்டார். என் கையெழுத்துதான் என்றேன். அதன் பிறகு அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து நின்றது.

பேட்டரியை மாற்றினேன். எட்டு எழுத்தை அது இருக்க வேண்டிய கோப்பில் ஒருமுறை எழுதி வைத்தேன். இப்போது யார் வேண்டுமானாலும் அந்தக் கணினியை எழுப்பலாம். நகல் வாரம் ஒருமுறை எடுக்கிறேன். அவரால் சொல்ல முடியாமல்போன பாதங்கள் இன்னும் எண்களாகவே கிடக்கின்றன.

போன மாதம் அவர் இறந்துபோனார். நான் போனேன். அத்தை என்னைப் படியிலேயே நிறுத்திவிட்டார். அவர் இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. இனி என்மேல் கோபப்பட அவர் இல்லை.

பாதங்களுக்குப் பெயர் தேடிய அந்தப் பதினோராம் நாள் மாலை அது. எண்ணூற்றுப் பன்னிரண்டாவது ஆளின் பாதமும் முடிந்திருந்தது. பெஞ்சில் ஆள் இல்லை. மேனேஜர் கீழே போயிருந்தார். மாமா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார்.

"கிளியர்னா அழிக்கறதா?"

"ஆமா மாமா."

சார் என்று திருத்தவில்லை அவர்.

"அன்னிக்கே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு தடவை வாயத் தொறந்த. ரெண்டாவது தடவை தொறக்கல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திரையில் இருந்த பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அறிக்கை எழுதப் போறன்னு தெரியும். எந்த வார்த்தை போட்டா ஸ்டூலு, எந்த வார்த்தை போட்டா வாசல்னும் தெரியும்" என்றார். பிறகு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டார்.

"படிக்கத் தெரியாதவன், உன்ன வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டிருந்தான்னு மட்டும் எழுதிடாத. தெரிஞ்சேதான் செஞ்சேன்னு எழுது. ரெண்டு பாஷையிலயும்."